கடன் வாங்கிய பி.டி. பீரியட்

தமிழ்நாட்டில் அச்சில் வருவதில் நம்பக்கூடாத சமாசாரங்கள் மூன்று. கல்யாணப் பத்திரிகையில் போட்டிருக்கும் ரிசப்ஷன் நேரம். மனை விளம்பரத்தில் வரும் 'ரயில்வே ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்'. அப்புறம், பள்ளிக்கூட டைம்டேபிளில் இருக்கும் பி.டி. பீரியட்.

புதன்கிழமை ஐந்தாவது பீரியட் பி.டி. என்று இருக்கும். மணி அடித்ததும் மொத்த வகுப்பும் ஷூ லேஸை இறுக்கும். வாசலில் ஒரு நிழல். கணக்கு வாத்தியார். கையில் சாக்பீஸ். "எல்லாம் உக்காருங்க. போர்ஷன் முடியலை. பி.டி. சார்கிட்ட கேட்டு பீரியடை வாங்கிட்டேன்." நாம் படித்த ஊர் வேறு, மீடியம் வேறு, வருஷம் வேறு. இந்த வசனம் மட்டும் எல்லோருக்கும் பொது.

நான் பி.காம். படித்தவன். 'வாங்கிட்டேன்' என்று யார் சொன்னாலும், 'திருப்பிக் கொடுத்த தேதி என்ன?' என்று தேடுகிற புத்தி. வாரத்துக்கு 2 பி.டி. பீரியட், பீரியடுக்கு 40 நிமிடம், வருஷத்துக்கு 40 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வருஷத்துக்கு 640 மணி நேரம். அதில் பாதியைக் கணக்கும் சயின்ஸும் வாங்கிக்கொண்டு போனால் 320 மணி நேரம். ராத்திரி பகலாக 13 நாள். எந்த வாத்தியாராவது திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் வாராக்கடன்.

'போகட்டும் சார், விளையாட்டு நேரம்தானே' என்பவர்களுக்குத்தான் இந்த வாரப் பக்கம். போனது விளையாட்டு நேரம் இல்லை. ஹார்ட் பீரியட். கல்யாணமாகாத அன்பர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம், உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

*

உட்கார்ந்தே இருப்பதற்கும் நெஞ்சுக்கும் சம்பந்தம் உண்டு என்பதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு டவுன் பஸ். லண்டன் பஸ்.

ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். லண்டனின் மாடி பஸ்களில் ஒரே வண்டியில் இரண்டு பேர் வேலை பார்ப்பதைக் கவனித்தார். ஒருவர் டிரைவர், நாள் பூராவும் சீட்டில். இன்னொருவர் கண்டக்டர். டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறுகிறவர். அதே பஸ், அதே புகை, ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பங்கள். ஆனால் இதய நோய் டிரைவர்களுக்குத்தான் ஜாஸ்தி. கண்டக்டர்களுக்கு வந்தாலும் லேட்டாக வந்தது, உயிரை வாங்குவதும் குறைவாக இருந்தது. 1953-ல் 'லான்செட்' பத்திரிகையில் இதை வெளியிட்டார். கூடவே தபால்காரர்களையும் ஆபீஸ் கிளார்க்குகளையும் ஒப்பிட்டார். நடந்தும் சைக்கிளிலும் கடுதாசி கொடுத்த தபால்காரர்கள் தேவலை. கிளார்க்குகள்... வேண்டாம், நம் ஆட்களைப் பற்றி நாமே எழுதுவானேன்.

மாரிஸ் அதோடு விடவில்லை. பஸ் கம்பெனி தைத்துக் கொடுத்த யூனிபார்ம் கணக்கை வாங்கி, பேண்ட்டின் இடுப்பு அளவுகளைப் பார்த்தார். டிரைவர் பேண்ட் கண்டக்டர் பேண்ட்டை விட அகலம். இந்தப் பேண்ட் ஆராய்ச்சி 1956-ல் வெளிவந்தது. மனுஷன் சொன்னபடி நடந்தவர். 2009-ல் காலமாகும்போது வயது 99.

ஆபீஸில் வேலை பார்க்கும் நாமெல்லாம் டிரைவர் கட்சி, ஒப்புக்கொள்வோம். விஷயம் என்னவென்றால், நம் வீட்டுப் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலேயே அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். வாசலில் வேன். வேனிலிருந்து பெஞ்ச். பெஞ்சிலிருந்து வேன். அப்புறம் டியூஷன், அதற்கப்புறம் சோபா, கையில் போன். டிரைவராவது ஸ்டியரிங்கைத் திருப்புவார், கியர் போடுவார்.

*

"சின்னப் பசங்களுக்கு என்ன சார் ஹார்ட்? அதெல்லாம் நாற்பதுக்கு மேல" என்று டீக்கடையில் ஒரு நண்பர் சொன்னார். நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைப்பதும் அதுதான்.

அமெரிக்காவில் லூசியானா மாகாணத்தில் பொகலூசா என்று ஒரு சின்ன ஊர். ஜெரால்டு பெரென்சன் என்ற இதய டாக்டர் அங்கே பள்ளிப் பிள்ளைகளின் எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் அளந்து வைத்து, 1970-களில் தொடங்கிப் பல வருஷங்கள் அதே பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார். விபத்து போன்ற காரணங்களால் சின்ன வயதிலேயே இறந்துபோன 204 பேரின் ரத்தக் குழாய்களைப் பரிசோதித்த விவரம் 1998-ல் வெளியானது. 2 முதல் 15 வயதுக்குள் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. உயிரோடு இருந்தபோது எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் என்று எத்தனை கணக்கு ஏறியிருந்ததோ, அத்தனைக்குக் கோடுகளும் அதிகம்.

பயப்பட வேண்டாம். கொழுப்புக் கோடு என்றால் ஹார்ட் அட்டாக் என்று அர்த்தமில்லை. எல்லாக் கோடும் அடைப்பாக மாறுவதும் இல்லை. ஆனால் 45 வயதில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாரே, அந்த அக்கவுன்ட் ஆபீஸில் ஓபன் ஆனதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆனது. ஆபீஸில் நடந்தது வெறும் குளோசிங் என்ட்ரி.

*

அடுத்து நம் வீடுகளில் சொல்கிற பெரிய சமாதானம் ஒன்று உண்டு. "என் பையன் ஒல்லிதான், அவனுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?"

இதற்குப் பதிலாக ஒரு போட்டோவே இருக்கிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் 2004-ல் 'லான்செட்'டில் வந்தது. உயரத்துக்கேற்ற எடை என்று பார்க்கிறார்களே, அந்த பி.எம்.ஐ. இரண்டு பேருக்கும் அச்சாக ஒரே எண், 22.3. ஆனால் உடம்பிலிருந்த கொழுப்பை அளந்தால், வெள்ளைக்காரருக்கு 9.1 சதவிகிதம். நம் ஆளுக்கு 21.2. பார்வைக்கு இரண்டும் ஒல்லி. உள்ளே ஒன்று கறி, ஒன்று கொழுப்பு. அந்தப் படத்தில் மாரத்தான் ஓடுகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அது நம்மவர் இல்லை.

நம் ஊர்க் குழந்தைகள் பிறக்கும்போதே கொஞ்சம் இந்த வார்ப்பு என்பது யாஜ்னிக்கின் புனே ஆராய்ச்சி. எடை குறைவாகப் பிறக்கிறார்கள், அந்த எடையிலும் தசை கம்மி, கொழுப்பு ஜாஸ்தி. மத்திய அரசு 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடத்திய ஊட்டச்சத்து சர்வேயைப் பாருங்கள். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் குண்டு அல்லது அதிக எடை சுமார் 5 சதவிகிதம்தான். ஆனால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் சுமார் 10 சதவிகிதம். கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். குண்டர்கள் எல்லோரையும் வாசற்படியில் நிற்க வைத்தாலும், இன்னும் அத்தனை பேர் மிச்சம். அவர்களெல்லாம் யார்? 'என் பையன் ஒல்லிதான்' என்று சொல்லப்பட்ட பையன்கள்.

இங்கேதான் ஓட்டம் வருகிறது. சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அதைக் கொட்டி வைக்க உடம்பில் இருக்கும் பெரிய கோடவுன் தசைதான். கோடவுன் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். உட்கார்ந்தே இருந்தால் பூட்டு துருப்பிடிக்கும், சாவி சரியாகத் திரும்பாது. உடம்பு இன்னும் இன்னும் இன்சுலினை அனுப்பும். அப்படியே பல வருஷம் ஓடும். ஆனால் பையன் நாலு ரவுண்டு ஓடினால் ஒரு வேடிக்கை நடக்கிறது. வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமல் தானே கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பூட்டுக்கும் எண்ணெய் போட்ட மாதிரி ஆகிறது. கூடவே இதயம் பலப்படுகிறது, ரத்தக் குழாய்கள் நெகிழ்வாக இருக்கின்றன.

ஆனால் அந்த எண்ணெய் ஒன்றிரண்டு நாளைக்குத்தான். அப்புறம் பழைய கதை. அதனால்தான் கோடை விடுமுறையில் ஒரு மாசம் சம்மர் கேம்ப் அனுப்பிவிட்டு மீதிப் பதினோரு மாசம் உட்கார வைப்பது செல்லாது. இந்தக் கணக்கில் கேரி ஃபார்வர்டு கிடையாது. 5 முதல் 17 வயது வரை சராசரியாக தினமும் 60 நிமிடம், மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் வருஷ வழிகாட்டி. வாரத்தில் 3 நாளாவது நன்றாக இரைக்க இரைக்க இருக்க வேண்டும்.

*

என் அக்கா வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷம் முன்னால், 43 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டர் அக்காவைப் பார்த்து, "அப்பாவுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கு. பையன் விளையாடறானாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஸ்கூல்ல பி.டி. இருக்கு டாக்டர்" என்றாள் அக்கா. டைம்டேபிளை நம்புகிற அப்பாவி.

பையன் எட்டாவது. தென்னங்குச்சி மாதிரி இருப்பான். போன வருஷம் மூன்றாவது மாடி ஏறும்போது லேண்டிங்கில் நின்று இரைத்தான். "டேய் தம்பி, இந்த மாசம் பேரன்ட்ஸ் மீட்டிங் நீ போயேன். அந்த பி.டி. என்னன்னு கேட்டுட்டு வா" என்றாள் அக்கா. போனேன்.

முதலில் கிரவுண்ட். பாதி இடத்தில் ஸ்கூல் வேன்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தன. ஓரத்தில் பி.டி. மாஸ்டர் வண்டிகளுக்கு ரைட் ரைட் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்.

"சார், நான் பி.பி.எட். படிச்சவன். கோ-கோவில ஸ்டேட் ஆடியிருக்கேன். இங்க எனக்கு ஆகஸ்ட் வரைக்கும் மார்ச் பாஸ்ட், டிசம்பர்ல ஆண்டு விழா, மத்த நாள்ல வேன் வரிசை. என் பீரியட்ல என்னைத் தவிர எல்லா டீச்சரும் வகுப்புக்குப் போறாங்க!"

அடுத்து கிளாஸ் டீச்சர். கணக்கு அம்மா. சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"தப்புன்னு எனக்கும் தெரியும் சார். ஆனா போர்ஷன் முடியலைன்னா கரஸ்பாண்டன்ட் கேக்கறார், பிரின்சிபல் கேக்கறாங்க, நாற்பது பேரன்ட்ஸ் கேக்கறாங்க. பி.டி. நடக்கலைன்னா இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்லை. நீங்கதான் முதல் ஆள்."

அவ்வளவுதான் சமாசாரம். கடன் கொடுத்தவன் கேட்காவிட்டால் வாங்கினவன் ஏன் திருப்பித் தருவான்?

*

சட்ட திட்டத்துக்குக் குறைவில்லை. 9 முதல் 12-ம் வகுப்பு வரை தினமும் ஒரு பீரியட் விளையாட்டுக்கு என்று சி.பி.எஸ்.இ. 2018-லேயே சொன்னது. மைதானம் இல்லாமல் பள்ளிக்கூடம் இருக்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் ஹரியானா வழக்கு ஒன்றில் சொன்னது. இவற்றையெல்லாம் பிரேம் போட்டு மாட்டலாம். அதன் கீழே வேன் நிற்கும்.

பள்ளி மனசு வைத்தால் பிள்ளைகளின் ரத்தக் கணக்கே மாறுகிறது என்பதற்கு சாட்சி உண்டு. ஸ்விட்சர்லாந்தில் சில ஆரம்பப் பள்ளிகளில் வாரம் 3 பி.டி. பீரியடை 5 ஆக்கினார்கள். நடுநடுவே வகுப்பிலேயே சில நிமிட அசைவு, வீட்டுப் பாடமாகவும் கொஞ்சம் உடற்பயிற்சி. ஒரு கல்வி வருஷத்தில் பிள்ளைகளின் உடல் கொழுப்பு குறைந்தது, தாக்குப்பிடிக்கும் சக்தி கூடியது, இதய நோய்க்கான ஆபத்துக் கணக்கும் இறங்கியது. 2010-ல் வந்த ஆராய்ச்சி இது.

'அதெல்லாம் பணக்கார நாடு சார்' என்பீர்கள். சரி, செலவே இல்லாத ஒன்று. ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் ஊரில் ஒரு ஆரம்பப் பள்ளி. எலேன் வைலி என்ற தலைமை ஆசிரியை 2012-ல் ஒரு வகுப்பை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். ஒரு ரவுண்டிலேயே பெரும்பாலோர் காலி. மறுநாளிலிருந்து தினம் 15 நிமிடம். ஓடலாம், நடக்கலாம், அவரவர் வேகம். யூனிபார்ம் மாற்ற வேண்டாம், சாமான் வேண்டாம், ஜெயிக்கிறவன் தோற்கிறவன் கிடையாது. வகுப்பு டீச்சரே கூட்டிக்கொண்டு போகலாம். 2018-ல் வெளியான ஆய்வில், இப்படி ஓடிய பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஓடாத பள்ளியோடு ஒப்பிட்டால், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு 4 சதவிகிதம் குறைவு. அசைவு நேரம் தினம் 9 நிமிடம் ஜாஸ்தி.

நமக்கும் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. 2019-ல் வந்த உலகக் கணக்குப்படி, 11 முதல் 17 வயதுக்குள் 81 சதவிகிதம் பேர் போதுமான அளவு உடம்பை அசைப்பதில்லை. இந்தியாவில் அது சுமார் 74. மோசம்தான், ஆனால் உலகத்தை விடப் பரவாயில்லை. நம் பையன்கள் தேவலையாக இருப்பதற்குக் காரணமாக ஆராய்ச்சிக்காரர்கள் எதைக் காட்டியிருக்கிறார்கள் தெரியுமா? தெருமுனை கிரிக்கெட்டை! ஜன்னல் கண்ணாடி உடைந்ததற்கு நம்மைத் துரத்திய மாமாக்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும். கஷ்டம் என்னவென்றால், அந்தத் தெருவில் இப்போது இரண்டு பக்கமும் கார்.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். உலகம் முழுக்கப் பையன்களை விட அவர்கள் பின்தங்கியிருக்கிறார்கள். நம் பள்ளிகளில் பி.டி. நடக்கிற நாளிலும் அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பையன்களின் வாட்ச்சுக்குக் காவல் இருப்பார்கள்.

*

எனவே அன்பர்களே, ஆபீஸில் எம்.டி.யையே எதிர்த்துக் கேட்கத் துணிந்த இளைஞர்களே, அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நீங்கள் போங்கள். அப்பாவாகவோ, சித்தப்பாவாகவோ, மாமாவாகவோ. மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். போன மாசம் எத்தனை பி.டி. பீரியட் நடந்தது? அதில் பிள்ளைகள் ஓடினார்களா, வரிசையில் நின்றார்களா? பெண் பிள்ளைகள் ஆடினார்களா? கோபம் வேண்டாம். சிரித்துக்கொண்டே, மாசா மாசம் கேட்டால் போதும்.

மீதி நிமிடங்களுக்கு வீடு இருக்கிறது. 60 நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டும் என்பதில்லை. டியூஷனுக்கு சைக்கிள், மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், சினிமாப் பாட்டுக்கு ஒரு குத்து, எல்லாம் கணக்கில் சேரும். அளவுகோல் சுலபம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான பயிற்சி. நாலு வார்த்தைக்கு மேல் பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால் கடும் பயிற்சி.

நாங்கள் மாசா மாசம் கேட்டோம். அக்கா தன் அபார்ட்மென்ட்டில் மூன்று அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டாள். இப்போது புதன்கிழமை பீரியட் ஒழுங்காக நடக்கிறது. வேன்கள் காம்பவுண்டுக்கு வெளியே போயிருக்கின்றன. வெள்ளிக்கிழமை பீரியட் இன்னும் சயின்ஸ் டீச்சர் வசம்தான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. பி.டி. மாஸ்டர் கோ-கோ டீம் ஒன்று ஆரம்பித்திருக்கிறார். அதில் எங்கள் தென்னங்குச்சி துரத்துகிற ஆள். "மாமா, கணக்கு பீரியட் குறைஞ்சதுக்கு தேங்க்ஸ்" என்றான். அவனுக்கு அதுதான் லாபம். ஹார்ட்டைப் பற்றி அவன் இப்போது யோசிக்க வேண்டாம், அதற்குத்தான் நாமெல்லாம் இருக்கிறோம்.

இதைப் படித்து முடிக்கக் கிட்டத்தட்ட பத்து நிமிடம் ஆகியிருக்கும். பத்து நிமிடமும் உட்கார்ந்தேதான் இருந்தீர்கள். எழுந்து போய், லிஃப்ட்டை மறந்து, ஒரு மாடி ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். கண்டக்டர் கட்சியில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம்.